அண்ணனின் ஸ்பிரிங் கத்தி

அண்ணன் செத்த பிறகு அவனுடைய பையை லாரி ஷெட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். உள்ளே இரண்டு கைலி, ஒரு துண்டு, பல்பொடி டப்பா, ஒரு மடக்குக் கத்தி. இத்தனை வருடம் வண்டி ஓட்டியவன் சேர்த்தது இவ்வளவுதானா என்று துக்கம் கேட்க வந்த ஒருவர் கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அவர் உட்கார்ந்திருந்த வீட்டுக்குத் தளம் போட்டது அண்ணன். எனக்குக் கல்யாணம் செய்துவைத்தது அவன். தனக்கென்று அவன் வைத்துக்கொண்டதுதான் அந்தப் பை. இதையெல்லாம் அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, காப்பியைக் குடித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வீடு ராஜபாளையத்தை ஒட்டிச் செட்டியார்பட்டியில். நான் பேண்டேஜ் துணி செய்கிற ஒரு கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறேன். நான் கட்டி அனுப்புகிற பெட்டிகளை அண்ணன்தான் வடக்கே ஏற்றிப் போவான். அப்படிப் போன ஒரு நடையில், சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தவன் பிறகு எழுந்திருக்கவில்லை. டீ வாங்கிக்கொண்டு வந்த க்ளீனர் தட்டி எழுப்பிப் பார்த்திருக்கிறான். நெஞ்சு நின்றுபோயிருந்தது. சாகிற நேரத்திலும் இன்டிகேட்டர் போட்டு வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் செத்தவன் என்று ஷெட்டில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய?

கைலியும் துண்டும் காரியத்தோடு போய்விட்டன. கத்தியை நான் எடுத்துக்கொண்டேன். வடக்கே ஏதோ ஒரு ஊர்ச் சந்தையில் அவன் வாங்கியது. கறுப்புப் பிடி, பிடிக்குள் மடங்கிக் கிடக்கிற விரல் நீளத் தகடு. தகட்டின் முதுகில் மிளகு அளவுக்கு ஒரு குமிழ் துருத்திக்கொண்டிருக்கும். அதைக் கட்டைவிரலால் தள்ள வேண்டும். முதலில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஒரு அளவு தாண்டியதும் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் தகட்டை நம் விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் 'டக்' என்று நிறுத்திவிடும். சினிமாவில் வருகிற பட்டன் கத்தி வேறு. அதில் பொத்தானை அமுக்கினால் போதும், முழு வேலையையும் அது பார்க்கும். இதில் ஆரம்பித்துவைக்க வேண்டியது நாம்.

"சோம்பேறிக்குன்னே செஞ்ச கத்திலே இது. பாதி வேல நீ பாத்தாப் போதும், மீதிய அது பாத்துக்கிடும்" என்று அண்ணன் சொல்வான். தார்ப்பாய்க் கயிறு அறுப்பதும் அதில்தான், வழியில் வண்டியை நிறுத்திச் சமைக்கும்போது வெங்காயம் நறுக்குவதும் அதில்தான். ஊருக்கு வந்தால் மாம்பழத்தை அதில் கீறி, கத்தி முனையிலேயே குத்தி எனக்கு நீட்டுவான். நான் முனையைப் பார்த்துப் பயந்து பயந்து பழத்தைக் கடிப்பேன். அதைப் பார்த்துச் சிரிப்பான்.

கத்தி என்னிடம் வந்த பிறகு கம்பெனியில் பெட்டிக்குப் போடுகிற பிளாஸ்டிக் பட்டை அறுக்க அதையே வைத்துக்கொண்டேன். வலது பக்க பேண்ட் பாக்கெட்டில் அது கிடக்கும். வேலை இல்லாத நேரத்திலும் கை அங்கே போகும், திறக்கும், மூடும். அந்தச் சத்தம் கேட்கிற ஒரு நொடி அவன் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். அடுத்த நொடி இருக்காது. அதனால் மறுபடியும் திறப்பேன்.

அம்மாவுக்கு அந்தக் கத்தி ஆகவில்லை. அவளுடைய கணக்கு வேறு. கல்யாணம் ஆகாமல் செத்தவன் வீட்டை விட்டு எங்கும் போகமாட்டான், கனவில் வருவான், கேட்டதைச் சொல்வான் என்று நம்பிக்கொண்டிருந்தாள். ஆனால் மாதங்கள் போயும் அவன் ஒருநாள்கூட அவள் கனவில் வரவில்லை. பெற்ற தாய்க்கு அது இரண்டாவது சாவு மாதிரி. செத்தவன் மேலேயே அவளுக்குக் கோபம். எட்டு ஊர் சுத்தத் தெரிஞ்சவனுக்கு என் கண்ணுக்குள்ள வரத் தெரியலையா என்று ஒப்பாரியில் சேர்த்துக்கொள்வாள்.

ஒருநாள் நான் வீட்டில் உட்கார்ந்து கத்தியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"ஏலே, அத எதுக்கு வீட்டுக்குள்ள வச்சிருக்க? இரும்பு கெடக்க எடத்துக்கு அவன் எப்படிலே வருவான்?"

கறிக்குழம்பைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வெளியே போனால்கூட ஒரு ஆணியைக் கூடவே போட்டு அனுப்புகிற ஊர் எங்கள் ஊர். இரும்பு இருந்தால் பேய் பிசாசு எதுவும் அண்டாது. மற்றவர்களுக்கு அது காவல். அம்மாவுக்கு அதுவே பூட்டாகிவிட்டது.

"அப்ப அருவாமனை? தோசக்கல்லு? அதெல்லாம் இரும்பு இல்லையாம்மா?" என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"அதுக வீட்டுப் பொருளு. அதுகளுக்கு அவனத் தெரியும். இது அவன் சாகும்போது கூடவே கெடந்தது. இதத் தாண்டி அவனால வர முடியல. அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு ஈரக்கொல நடுங்குது."

எனக்குப் பேய் பிசாசு நம்பிக்கை கிடையாது. அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. கத்தியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டேன். இரண்டு பேருக்கும் வேண்டியது ஒரே ஆள். எனக்கு அவனிடமிருந்து மிச்சம் இருந்தது அந்தக் கத்தி ஒன்றுதான். அவளுக்கு அவன் வருவதற்குத் தடையாக இருந்ததும் அந்தக் கத்தி ஒன்றுதான்.

ஆடி மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரோட்டம். அந்த வாரம் ரோடு முழுக்கப் போலீஸ். நான் ஒரு மருந்துக் கடைக்குச் சாம்பிள் துணி கொடுக்க பைக்கில் போனேன். ஊருக்குள் நுழைகிற இடத்தில் தடுப்பு வைத்து எல்லோரையும் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பகல் பதினொரு மணி வெயில். இளம் போலீஸ்காரர் ஒருவர், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது, தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று என்னை இறங்கச் சொன்னார். பையைப் பார்த்தார். பாக்கெட்டைத் தட்டிப் பார்த்தவர் கை அங்கேயே நின்றது.

"என்ன அது? வெளிய எடு."

எடுத்தேன்.

"குடு" என்று கையை நீட்டினார்.

இங்கேதான் எல்லாம் கெட்டது. எங்கள் பக்கத்தில் கத்தி, அரிவாள், கத்தரிக்கோல் எதையும் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுக்கிறவர் கீழே வைக்க வேண்டும், வாங்குகிறவர் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கைக்குக் கை கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வந்துவிடும். யோசித்துச் செய்வதில்லை இது, சோறு வாய்க்குப் போகிற மாதிரி கை தானாகவே போகும். அவர் நீட்டிய கையை விட்டுவிட்டு, தடுப்பின் அடியில் கத்தியை வைக்க நான் சட்டென்று குனிந்தேன். குனிந்த வேகத்தில் கட்டைவிரல் அந்தக் குமிழில் பட்டிருக்கிறது. நான் கொஞ்சம்தான் தள்ளியிருப்பேன். மீதியை அது பார்த்துக்கொண்டது.

டக்.

போலீஸ்காரர் பின்னால் எகிறிக் கீழே விழுந்தார். அவருடைய தொப்பி உருண்டு, வரிசையில் நின்ற ஒரு பஸ்ஸின் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. விரித்த கத்தியோடு அவர் காலடியில் குனிந்து நிற்கிறேன் நான். பார்த்தவர்கள் எல்லோரும் என்ன நினைப்பார்களோ அதையே நினைத்தார்கள். நாலு பேர் என் மேல் விழுந்தார்கள். சண்டை வரக் கூடாது என்று வைக்கப் போன கத்திக்கு வந்த சண்டை இது.

ஸ்டேஷனில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஸ்கேலை வைத்துத் தகட்டை அளந்தார்கள். அளவு அவர்களுக்குப் போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் துணிப் பையில் போட்டு அரக்கு வைத்து ஒட்டினார்கள். அரக்கு உருகுகிற வாசனையில்தான் எனக்குப் புரிந்தது, அது என் கையை விட்டுப் போய்விட்டது என்று. அடி வாங்கியபோது வராத அழுகை அப்போது வந்தது.

ஜாமீன் கிடைக்கச் சில நாளாகிவிட்டது. வெளியே வந்து வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அம்மாவை எப்படித் தேற்றுவது என்றே யோசித்துக்கொண்டு போனேன். ஒரு பிள்ளையைச் சாகக் கொடுத்து, இன்னொரு பிள்ளையை ஜெயிலுக்கு அனுப்பியவள். வாசலுக்கு வந்தவள் முகத்தைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். அழுத முகம் இல்லை அது. தலைக்குக் குளித்து, முடியைக் கோதி முடிந்து, கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவள் மாதிரி நின்றாள். என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் காதோடு சொன்னாள்.

"அண்ணன் வந்தாம்லே."

கத்தி வீட்டை விட்டுப் போன மறுநாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் சற்று நேரம் கண்ணயர்ந்தவளின் கனவில் வந்திருக்கிறான். பின்வாசல் படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டானாம். என் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தானாம்.

"எளச்சுப் போயிருக்கான். ஆனா மொகத்துல தெளிவு இருக்கு. தம்பி எங்கன்னு ஒன்னத்தாம்லே கேட்டான்" என்றாள்.

என் முதுகில் போலீஸ் அடித்த இடம் இன்னும் ஆறவில்லை. அதை அவள் கேட்கவே இல்லை. எனக்கு வருத்தமாக இருந்தது, ஆனால் அவளைத் திட்ட முடியவில்லை. அவன் செத்த பிறகு அவள் வயிறாரச் சாப்பிட்டதாகச் சொன்னதும் அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவன் இருக்கத் தொடங்கினான். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பின்வாசலில் அம்மா தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பாள். சாயங்காலம் பார்த்தால் குறைந்திருக்கும். காக்கா குடித்திருக்கும், அணில் குடித்திருக்கும் என்று நான் சொல்வேன். அணில் டம்ளரைக் கவிழ்க்காமல் குடிக்குமா என்பாள். சோறு வடிக்கும்போது ஒரு பிடி கூடப் போடுவாள். மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்ததும் அன்றைக்கு அவன் என்ன சொன்னான் என்பதைச் சந்தைக்குப் போய்விட்டு வந்தவள் மாதிரி சொல்லுவாள். பேசுவதைக் குறைத்துவிட்டானாம், சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறதாம்.

என் வீட்டுக்காரிக்குக் கொல்லைப் பக்கம் போகவே பயம். "செத்தவுகளுக்கு வச்ச டம்ளர நாந்தான் கழுவுதேன். தொட்டா சில்லுன்னு இருக்கு" என்று என்னிடம் புலம்புவாள். தண்ணீர் வைத்த டம்ளர் சில்லென்று இல்லாமல் கொதிக்குமா என்று சொல்லி வாயடைத்துவிட்டேன். மறுநாள் அவள் இல்லாத நேரம் நானே போய்த் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது.

என்னைப் பிடித்தது வேறு. அந்தச் சத்தம். கேஸ் அடுப்பு லைட்டரைத் தட்டினால், கம்பெனியில் யாராவது பேனாவின் பின்பக்கத்தை அமுக்கினால், ஸ்விட்சைப் போட்டால், நான் திரும்பிப் பார்ப்பேன். யாரும் இருக்கமாட்டார்கள். வலது பாக்கெட்டில் கை போகும். காலியாக இருக்கும். ஆனாலும் தொடையில் அந்தக் கனம் இருந்துகொண்டே இருக்கும். இல்லாத ஒரு பொருளின் கனத்தோடு நான் பைக்கும் ஓட்டினேன், பெட்டியும் கட்டினேன். பட்டை அறுக்கக் கம்பெனியில் புதுக் கத்தி கொடுத்தார்கள். நல்ல கத்திதான். அதில் எதுவும் இல்லை.

வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில். எங்கள் வக்கீல் வயசானவர், வெற்றிலைக் காவி படிந்த சிரிப்பு. முதல் நாளே சட்டத்தை எனக்கு விளக்கிவிட்டார்.

"ஒம்பது அங்குலத்துக்கு மேல நீளம், இல்ல ரெண்டு அங்குலத்துக்கு மேல அகலம் இருந்தாத்தான் லைசென்ஸ்ங்கிற பேச்சே. அதுலயும் வீட்டு வேலைக்கு, வெவசாயத்துக்கு, தொழிலுக்குன்னு வச்சிருந்தா கேக்க முடியாது. இல்லைன்னா ஊர்ல இருக்க அருவாமனைக்கெல்லாம் லைசென்ஸ் எடுக்கணும்."

"என் கத்தி விரல் நீளந்தான சார்? அப்ப எம்மேல ஏன் கேசு?"

"அது தானாத் தொறந்துச்சுல்லா. பட்டன் கத்தின்னு எழுதிட்டாக. டெல்லி மாதிரி ஊருல அதுக்குத் தனி உத்தரவே உண்டு. இங்க அளவ வச்சுப் பிடிக்க முடியாதுன்னு தெரிஞ்சு, போலீசக் கத்தியக் காட்டி மெரட்டுனன்னு சேத்து எழுதிட்டாக. தம்பி, கத்தி எம்புட்டு நீளம்னு கோர்ட்டு கேக்கும். ஆனா எதுக்கு எடுத்தங்கறதுதான் கேசு."

"அது பட்டன் கத்தி இல்ல சார். பாதி நாமதான் தொறக்கணும்."

"அந்தப் பாதிலதான் நீ இப்ப நிக்க" என்றார்.

குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டினால் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று வக்கீல் ஒரு யோசனையும் சொன்னார். அப்படி முடித்தால் கத்தி திரும்பி வராது, அரசாங்கம் அழித்துவிடும். நான் முடியாது என்றேன். வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். சந்தையில் வாங்கிய ஒரு கத்திக்காகப் பேரில் ஒரு கேஸைச் சுமந்துகொண்டு அலைகிறவனை எங்கும் பார்த்ததில்லை என்றாள். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனாலும் நான் வாய்தாவுக்கு வாய்தா போனேன். ஒவ்வொரு தடவையும் அந்த அரக்கு வைத்த பை மேசை மேல் வரும். அதைப் பார்ப்பதற்கென்றே போனேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். திரும்பும்போது அம்மாவுக்குப் பால்கோவா வாங்கி வருவேன். அதில் பாதியை அவள் பின்வாசலுக்குக் கொண்டுபோவாள். கேஸில் மாட்டியவனைக் கோர்ட்டில் எதிரி என்பார்கள்; கோர்ட்டுக்குப் போய்விட்டுப் பால்கோவாவோடு வந்த எதிரி இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இத்தனை வாய்தாவிலும் கத்தி திரும்பி வருமா என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை.

சாட்சி சொல்ல அந்த இளம் போலீஸ்காரர் வந்தார். முன்னைக்குக் கொஞ்சம் சதை போட்டிருந்தார். எங்கள் வக்கீல் எழுந்தார்.

"சொந்த ஊர் எது தம்பி?"

"தேவதானம் பக்கம் சார்."

"வெவசாயக் குடும்பமோ?"

"ஆமா சார்."

"வீட்ல அருவா இருக்கும். அப்பா வயக்காட்டுல நின்னுக்கிட்டு அருவாளக் கொண்டான்னு கேட்டா எப்படிக் குடுப்பீக?"

மாஜிஸ்ட்ரேட் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"கீழ வப்பேன் சார். அவிய எடுத்துக்கிடுவாக."

"கையில குடுக்கமாட்டீகளா?"

"குடுக்கக் கூடாது சார். சண்ட வந்துரும்பாக."

கோர்ட்டில் சிரிப்புச் சத்தம் எழுந்தது. வக்கீல் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு எதிரிகிட்ட நீங்க கைய நீட்டுனீக. அவர் என்ன செஞ்சாரு?"

"குனிஞ்சாரு."

"உங்களக் குத்துதவன் எதுக்குக் குனியணும்?"

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். பொய் சொல்லவும் முடியாமல், எழுதிக் கொடுத்ததை மாற்றவும் முடியாமல் அவர் முகம் வேர்த்தது. "கீழ வைக்கத்தான் குனிஞ்சாரோன்னு பொறவு தோணுச்சு சார்" என்றார். அந்த வார்த்தை அவர் வேலைக்கு என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு அந்த நிமிஷத்தில் போய்விட்டது.

அன்றைக்கு வெளியே டீக்கடையில் என் பக்கத்தில் வந்து நின்றார். காசை நான் கொடுக்கப் போனபோது தடுத்துவிட்டார். போகும்போது மட்டும், "அந்தச் சத்தம் எனக்கு இன்னமும் கேக்குதுண்ணே" என்றார். எனக்கும்தான் என்று நான் சொல்லவில்லை.

தீர்ப்பு நாள் வந்தது. விடுதலைதான், கத்தியைத் திரும்பக் கேட்டு மனுவும் தயார் என்று வக்கீல் முந்தின நாளே சொல்லிவிட்டார். காலையில் நான் புறப்படும்போது அம்மா பின்வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கேசு செயிச்சா கத்தியக் குடுத்துருவாகளோ?"

முதல் தடவையாகக் கேட்கிறாள். "குடுத்துருவாகம்மா" என்றேன்.

வேண்டாம் என்று சொல்வாள், அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றேன். பதில் சொல்ல வார்த்தைகூடத் தயாராக வைத்திருந்தேன்.

"எடுத்துட்டு வந்துருய்யா. இம்புட்டு நாள் அதுக்காகத்தான அலஞ்ச? ஒனக்கும் அவன் அண்ணந்தான. நான் அவன்ட்ட சொல்லிக்கிடுதேன். இன்னைக்கி மத்தியானம் வருவான். இனிமே வராண்டாம்னு சொல்லி அனுப்பிருதேன்."

சொல்லிவிட்டுக் கீரையை ஆய்ந்தாள். நான் பைக்கை எடுத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறவரைக்கும் எந்த வண்டியை முந்தினேன், எது என்னை முந்தியது என்று எனக்கு நினைவில்லை.

விடுதலை என்று மாஜிஸ்ட்ரேட் அம்மா வாசித்தார். வக்கீல் என் தோளைத் தட்டினார். கத்தி என்னுடையதுதான் என்று நான் அடையாளம் காட்ட வேண்டும் என்று சொல்லி, ஆபீஸில் அந்தப் பையைப் பிரித்தார்கள். கறுப்புப் பிடி கொஞ்சம் வெளுத்திருந்தது. பிடியில் அவன் கை பட்டுப் பட்டு வழவழப்பான இடம் மட்டும் அப்படியே இருந்தது.

"இதானா?" என்றார் க்ளார்க்.

"இதான்."

"கையெழுத்துப் போட்டு எடுத்துக்கோங்க."

மணியைப் பார்த்தேன். பன்னிரண்டு தாண்டியிருந்தது. வீட்டில் இந்நேரம் அம்மா சாப்பிட்டு முடித்திருப்பாள். பின்வாசல் பக்கம் தலைவைத்து, முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு, அவனிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் கோத்துக்கொண்டு படுத்திருப்பாள்.

"வேண்டாம் சார். கவர்மெண்டே எடுத்துக்கிடட்டும்" என்றேன்.

வக்கீலுக்கு வெற்றிலை புரையேறிவிட்டது. "ஏய்யா, ஒனக்குக் கிறுக்கா? இதுக்குன்னுதான இத்தன வருசம் என்னயப் போட்டு அலைக்கழிச்ச? அன்னைக்கே ஃபைனக் கட்டிட்டுப் போயிருக்கலாம்லா?" என்று கத்தினார். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். கேட்டைத் தாண்டுகிறவரைக்கும், இப்போதுகூடத் திரும்பிப் போய் வாங்கிவிடலாம் என்று என் கால் சொல்லிக்கொண்டேதான் இருந்தது.

வண்டியை விரட்டிக்கொண்டு வந்தேன். அவள் கனவில் அவனைப் போகச் சொல்வதற்கு முன்னால் போய்விட வேண்டும். எனக்கே சிரிப்பாக இருந்தது, பேயை நம்பாதவன் பேய் போய்விடக் கூடாது என்று பைக்கை முறுக்குவது. வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா படுத்திருந்தாள், தூங்கவில்லை. என் கையைப் பார்த்தாள். பிறகு பாக்கெட்டைப் பார்த்தாள்.

"குடுக்கலம்மா. கவர்மெண்டு எடுத்துக்கிடுச்சு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு பக்கமும் கண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. "வவுத்தெரிச்சல் புடிச்சவனுக. எம்புள்ள அண்ணன் நெனப்பா வச்சிருந்தத எடுத்துக்கிட்டானுக" என்று எனக்காக அரசாங்கத்தைத் திட்டினாள். திட்டிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனாள். தூக்கத்தில் அவள் உதடு எதையோ சொல்லிச் சிரித்தது. நான் வாசல்நிலையில் சாய்ந்து நின்று வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது நடந்து கொஞ்ச காலம் ஆகிவிட்டது. அம்மாவுக்கு அவன் இப்போதும் வருகிறான். போன வாரம்கூட என்னைக் கேட்டானாம். ஒனக்கும் வருவாம்லா, நீ அமுக்கன், சொல்லமாட்ட என்றாள். ஆமாம், வருவான் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் எழுந்து போன பிறகு, அதே இடத்தில், அதே பின்வாசல் பக்கம் தலைவைத்து நானும் படுக்கிறேன். படுப்பதற்கு முன்னால் பைக் சாவி, பீரோ சாவி, இடுப்பு பெல்ட், சட்டையில் குத்தியிருக்கிற ஊக்கு வரைக்கும் கழற்றி அடுத்த அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறேன். உடம்பில் ஒரு பொட்டு இரும்பு இல்லாமல் படுக்கிறேன்.

எனக்கு அவன் இன்னும் வரவில்லை.